மஞ்சள் பட்டன்

அப்பாவின் வாயில் எச்சில் வற்றிப்போனதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

ஊசியில் நூல் கோக்கும்போது அப்பா நூல் முனையை நாக்கில் ஒரு தடவை வைத்து எடுப்பார். முப்பது வருடப் பழக்கம். நனைந்த முனை விறைத்து நிற்கும். ஒரே குத்தில் ஊசிக் காதுக்குள் போய்விடும். அன்றைக்கு மூன்று முறை நாக்கில் இழுத்தும் முனை காய்ந்த புல் போலப் பிரிந்தே நின்றது. கடைசியில் நூலைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டு முக்கினார்.

"என்ன மாஸ்டர், தூண்டில் போடுறீங்களா? மீன் ஏதும் கடிச்சுதா?" என்றார் காஜா அண்ணன்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் சிரிக்க வாயைத் திறந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்து 'டக்' என்று விடுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அளவு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: செவ்வாய், பத்தரை மணி. வாய் வறட்சி.

எங்கள் தையல் கடையில் அளவு நோட்டு என் பொறுப்பு. அப்பா டேப்பைப் பிடித்து "தோள் பதினேழு, மார்பு முப்பத்தெட்டு" என்று சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து இதுதான் வேலை. இதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. "வேண்டாத அளவுன்னு ஒண்ணு கிடையாது பாப்பா. எல்லாத்தையும் எழுது. எது உதவும்னு வெட்டும்போதுதான் தெரியும்" என்பார் அப்பா. நோட்டின் முன்பக்கம் ஊர்ப்பட்ட பேரின் மார்பும் இடுப்பும் இருந்தன. பின்பக்கம் அந்த வாரம் முதல் அப்பா இருந்தார். அதற்கு நான் வைத்த தலைப்பு: 'சித்தி என்ன செய்கிறாள்'.

சித்தி அப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடம் ஆயாவாக இருந்தவள். படுக்கை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டுவாள். யார் முகத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள், அதிலும் கீழிமையை. அவள் வந்த பிறகு வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இல்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு அடிக்கடி வயிற்றைப் பிடிக்கும். ஈரத் துணியைப் பிழிவதுபோல் உள்ளே முறுக்குகிறது என்பார். சித்திதான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். குடல் பிடிப்பைத் தளர்த்துகிற மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. சின்ன வெள்ளை மாத்திரை. வலி நின்றுவிட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மாத்திரையை அவள் வைத்திருந்த விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. அட்டையை எப்போதும் தன் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கத்தரியால் சதுரமாக வெட்டி எடுப்பாள். மதியத்துக்கான ஒன்றைக் காகிதத்தில் மடித்துச் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் வைப்பாள். மாத்திரைப் பெட்டிக்குள் வருகிற விளக்கச் சீட்டை எட்டாக மடித்து அதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று ஒரு நாள் தைரியத்தை எல்லாம் திரட்டிக் கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கெதுக்கு? வயிறு வலிக்கிறது உனக்கா, உங்கப்பாவுக்கா?"



சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவள் என்னைத்தான் பிடிப்பாள். "இன்னைக்கு என்ன குடிச்சார்?"

"டீ."

"யார் போட்டது?"

"நான்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

பிறகு சமையலறைக்குப் போய், நான் கழுவ வைத்த பிளாஸ்க்கைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவாள். கதவிடுக்கில் பார்த்தேன். எதை மோந்து பார்க்கிறாள்? காலையில் தான் கலந்துவிட்ட ஏதோ ஒன்றின் வாடை மிச்சமிருக்கிறதா என்றா? 'பிளாஸ்க்கை மோந்து பார்த்தாள்' என்று நோட்டில் எழுதினேன்.

அந்த மாதம் கடையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கோட்டு வேலை. குளிர்காலத்துக் கோட்டைக் கோடையில்தான் தைத்தாக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே மடியில் கம்பளித் துணி. நாற்பது கோட்டு. துணியை உதறும்போதெல்லாம் பஞ்சு பறந்தது. அப்பாவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. சாக்குக்கட்டியால் கோடு போடும்போது ஒரு தும்மல் வந்தால் கோடு ஒரு விரற்கடை தள்ளிப் போய்விடும்.

"மஞ்ச பட்டன் ஒண்ணு போடுங்க மாஸ்டர்" என்றார் காஜா அண்ணன். "மூக்கைத் தச்சு மூடின மாதிரி நிக்கும்."

மஞ்சள் பட்டன் என்பது மாத்திரை. எங்கள் கடையில் ஒரு தகர டப்பா உண்டு. ஒரு காலத்தில் பிஸ்கட் டப்பாவாக இருந்தது. சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மிஷின் காஜா அண்ணனுடையது என்பதால் பட்டன்களெல்லாம் அவர் பொறுப்பு. பட்டன் பெட்டியைப் போலவே இந்த டப்பாவையும் அட்டை வைத்து அறை அறையாகத் தடுத்திருந்தார். யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் இங்கே வந்து சேரும். அட்டையோடு போட்டால் அறையில் அடங்காது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனிச் சதுரமாக வெட்டுவார். கூர் முனை விரலைக் கீறாதிருக்க, துணி ஓரம் பிரியாமல் வெட்டுகிற ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டுவார். பார்க்க அழகாக இருக்கும். பெரிய வெள்ளை தலைவலிக்கு. ரோஸ் நெஞ்செரிச்சலுக்கு. நீளமானது உடம்பு வலிக்கு. மஞ்சள் தும்மலுக்கு. நிறமும் அளவும் பார்த்துப் பிரிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வித்தை. பட்டனுக்கு யாராவது பெயர் கேட்பார்களா?

அப்பாவுக்குத் தும்மல் நின்றது. அன்றிலிருந்து காலை டீயோடு ஒன்று, மாலை டீயோடு ஒன்று, நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா சொன்னபடி எதையும் விடாமல் எழுதுகிறவள் ஆனதால் அதையும் எழுதினேன். டீ ஒன்று, பன் ஒன்று, மஞ்சள் பட்டன் ஒன்று. அவள் கொடுக்கிற மாத்திரை மட்டும்தான் என் கண்ணுக்கு மருந்தாகத் தெரிந்தது. இதெல்லாம் கடைச் சாமான்.

புதன்கிழமை அப்பா வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். ஜன்னலுக்குத் துணி போட்டு மறைக்கச் சொன்னார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணின் நடுக்கருப்பு கோட்டுப் பட்டன் அளவுக்கு விரிந்திருந்தது. டேப்பில் இருக்கிற எண்ணைப் படிக்க அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கழிப்பறைக்குள் போனால் வர நேரமானது. "தண்ணி குடம் குடமா குடிக்கிறேன். எல்லாம் எங்க போகுதுன்னே தெரியல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை நூல் பொறுக்க ஆரம்பித்தார்.

யார் சட்டையில் நூல் ஒட்டியிருந்தாலும் அப்பாவுக்குப் பொறுக்காது. பேச்சை நிறுத்தாமலே கிள்ளி எடுத்துவிடுவார். அன்றைக்கு என் தோளிலிருந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். நான் தோளைப் பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. பிறகு என் தோளுக்கு அரையடி தள்ளி, வெறும் காற்றில், இரண்டு விரலால் கிள்ளி இழுத்து ஓரமாகப் போட்டார்.

"எங்கேருந்து வருது இவ்வளவு நூல்? யாரும் கூட்டுறதே இல்லையா?"

காஜா அண்ணன் வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று என் காதருகே கேட்டாள். "புதுசா வந்தவங்க எப்படி?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் எனக்கே எப்படிப்பட்டதென்று தெரியவில்லை. அவள் தனக்கு வேண்டிய விதத்தில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கோட்டின் முன்பாகத்தை வெட்டினார். இடது ஒன்று, வலது ஒன்று வர வேண்டும். துணியை விரித்தபோது இரண்டும் இடது. கோடே போடாமல் கண்மட்டத்தில் வெட்டிச் சரியாகக் கொண்டுவருகிற மனிதர். இரண்டையும் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"யார் வெட்டினது இது?" என்றார்.

காஜா அண்ணன் மிஷினுக்கு எண்ணெய் விடக் குனிந்துகொண்டார்.

வீட்டில் சித்திக்கு விஷயம் தெரிந்ததும் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கடையில என்னதான் நடக்குது?" என்று கேட்டுவிட்டு, தன் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சற்று நேரத்தில் போனில் பேசுவது கேட்டது. "...இல்ல, எண்ணிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ரெண்டு நாள். அதுக்குள்ள தெரிஞ்சிடும்." துணி எடுக்கிற சாக்கில் நான் வாசற்படியில் கால் வைத்ததும் பேச்சை வெட்டிவிட்டாள்.

இரண்டு நாளில் என்ன தெரியும்? அப்பா யாரென்று அவருக்கே தெரியாமல் போவதா? அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். 'இரண்டு நாள்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு முடிவுக்கு வந்தேன். சாப்பாட்டு டப்பாவின் மூடியிலிருந்து காகித மடிப்பை எடுத்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதுரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். அதை மருந்துக்கடையில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அப்பா மதிய மாத்திரை எங்கே என்று கேட்பாரே. தகர டப்பாவிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்து உரித்து நீட்டினேன். அவர் கண்ணுக்கு நிறம் தெரியவில்லை, வாங்கி விழுங்கினார். என் கையால் கொடுத்தது, பயமில்லை என்று நினைத்தேன். காலையில் கொடுத்தது ஒன்று, இது இரண்டு.

மருந்துக்கடைக்காரர் சதுரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேர் எங்கம்மா? வெறும் சதுரத்தைக் கொண்டு வந்தா நான் ஜோசியமா பார்க்கணும்? வெள்ளையா உருண்டையா ஆயிரம் மாத்திரை இருக்கு. யாருக்கு இது?"

"அப்பாவுக்கு."

"என்ன பண்ணுது அவருக்கு?"

நோட்டைப் பார்த்துப் படித்தேன். தலைப்பைப் படிக்கவில்லை. வாய், கண், கழிப்பறை, நூல். நூல் என்று வந்ததும் அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வயசு?"

"அறுபத்தி மூணு."

"இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கோ. ஒண்ணு விடாம."

"மாத்திரை சித்திகிட்ட இருக்கு."

"அப்போ சித்தியையும் கூட்டிட்டுப் போ. டெய்லர் மாஸ்டர் வீட்டம்மாதானே? தெரியுமே. விவரமானவங்க."

விவரமானவங்க. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு மாத்திரை விற்பவர் இவர்தான். ஆளுக்கு ஆள் தெரிந்துதான் இருக்கிறது. சதுரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வழியெல்லாம் வெயில் தார் உருகுகிற மாதிரி அடித்தது.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. அப்பா வெட்டுகிற மேஜையில் இல்லை. இஸ்திரி மூலையில், நீராவிக்கு நடுவே நின்று கோட்டுக் கைகளை அழுத்திக்கொண்டிருந்தார். வெட்டத்தான் கை வரவில்லை, இதையாவது செய்கிறேன் என்று சாப்பிட்டதிலிருந்து அங்கேயே நிற்கிறாராம்.

"மாலை டீயை நானே கொடுத்துட்டேன்" என்றார் காஜா அண்ணன். "தும்மினார். நீ இல்லையேன்னு பட்டனும் கொடுத்துட்டேன், சின்ன மாஸ்டர்."

மூன்று.

அப்போதுதான் கவனித்தேன், சித்தி வந்திருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அவள் கடைக்கு வந்ததே இல்லை. டீ பிளாஸ்க்கைத் திறந்து மூடியை முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"மதிய மாத்திரை கொடுத்தியா?"

"கொடுத்தேன்." என் மூடிய கைக்குள் சதுரத்தின் முனை குத்தியது.

அவள் என் கையைப் பார்த்தாள். கையைத் திற என்று சொல்லத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். அதற்குள் அப்பா கழுத்தில் டேப்போடு நீராவியிலிருந்து வெளியே வந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நேராக என்னிடம் வந்து டேப்பை என் தோளில் வைத்தார்.

"வாங்க, வாங்க. புது ஆளா? தோள் ரொம்பச் சின்னது. யாராவது அளவு எழுதுங்கப்பா. எங்க அந்தப் பொண்ணு? இங்க ஒரு பொண்ணு இருப்பாளே..."

"அப்பா" என்றேன்.

"கை நீளம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

சித்தி பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் கன்னத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், சட்டைக்குள் கைவிட்டு அக்குளைத் தொட்டாள். நாங்கள் எல்லோரும் குளித்த மாதிரி நனைந்திருந்தோம். காஜா அண்ணனின் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நீராவியில் நின்ற அப்பாவின் சட்டை முதுகு அலமாரியிலிருந்து எடுத்தது போல உலர்ந்திருந்தது.

"வேர்வையே இல்ல" என்றாள் சித்தி. பிறகு கத்தினாள். "ஐயோ, இவருக்கு வேர்வையே வரல! தண்ணி கொண்டாங்க, குடிக்க இல்ல, மேல ஊத்த. ஃபேனைத் திருப்புங்க. வண்டி கூப்பிடுங்க!"

அப்பா அவள் தோளிலிருந்து இல்லாத ஒரு நூலை எடுத்துவிட்டு அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் மேல் ஈரத் துணி போர்த்தி, கையில் ஊசி குத்தி, சிறுநீர் இறங்கக் குழாய் வைத்தார்கள். டாக்டர் என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். முதல் கேள்வியே அதுதான். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?"

சித்தி கைப்பையைத் திறந்தாள். நான் இத்தனை நாளாகப் பார்க்கத் துடித்த எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டாக்டர் எழுதிய சீட்டு. எட்டாக மடித்த விளக்கச் சீட்டு. வெள்ளை மாத்திரை அட்டை. அட்டையின் ஒரு முனையிலிருந்து மட்டும் வெட்டியிருந்தாள். பெயரும் தேதியும் இருந்த மறுமுனை அப்படியே இருந்தது.

"மூணு வேளை. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. எண்ணித்தான் கொடுக்கிறேன்" என்றாள். "பேர் இருக்கிற முனையை மட்டும் கடைசி வரைக்கும் வெட்டக் கூடாதுன்னு வார்டுல சொல்லிக் கொடுத்தாங்க."

டாக்டர் பெயரைப் படித்தாள். "வாய் வறட்சி, கண் மங்கல், சிறுநீர் அடைப்பு, வேர்வை குறையறது, வயசானவங்களுக்குக் குழப்பம். இந்த மாத்திரைக்கு இதெல்லாம் உண்டு. வெயில்ல ஜாக்கிரதையா இருக்கணும். ஆனா இந்த அளவுல இவ்வளவு தூரம் போகாது. வேற ஏதோ சேர்ந்திருக்கு. தூக்கத்துக்கு, சளிக்கு, தும்மலுக்குன்னு ஏதாவது கொடுத்தீங்களா?"

"என் வீட்ல ஒண்ணும் கிடையாது" என்றாள் சித்தி. "கடையில என்ன கொடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னைக்குப் போனேன்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடையில மாத்திரையே கிடையாதுங்க டாக்டர்" என்றார் காஜா அண்ணன் நெஞ்சில் கை வைத்து. "டீ, பன். அவ்வளவுதான்." அவர் பொய் சொல்லவில்லை. பட்டனை மாத்திரை என்று அவரும் எண்ணியதில்லை.

தும்மலுக்கு. அந்த ஒரு வார்த்தை என் காதிலேயே நின்றது. சொல்ல வேண்டும். டாக்டர் அடுத்த கட்டில் பக்கம் திரும்பப் போனாள். கையில் அளவு நோட்டு இருந்தது. கடையிலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி நீட்டினேன்.

"என்ன இது?" வாங்கி, திறந்த பக்கத்தைச் சத்தமாகவே படித்துவிட்டாள். "சித்தி என்ன செய்கிறாள்..."

நிறுத்தினாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் படித்தாள். விரல் வரிவரியாக இறங்கியது. ஒரு பக்கம் திருப்பினாள்.

"பத்து மணி, மஞ்சள் பட்டன். பத்தரை, வாய் வறட்சி. நாலு மணி, மஞ்சள் பட்டன். அஞ்சு மணி, கண் கூசுது. தினமும் இதே மாதிரி. மஞ்சள் பட்டன்னா என்ன?"

"மாத்திரை" என்றேன். "தும்மலுக்கு."

"யார் கொடுத்தது?"

"நான்."

சொல்லிவிட்டு மறு கையைத் திறந்தேன். வியர்வையில் நனைந்த வெள்ளைச் சதுரம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "இதைக் கொடுக்கலை. இதுக்குப் பதிலா இன்னைக்கு மதியமும் மஞ்சளைத்தான் கொடுத்தேன்."

சித்தி அந்தச் சதுரத்தையே பார்த்தாள்.

"ரெண்டு மாத்திரையும் வேற வேற வியாதிக்குத்தான்" என்றாள் டாக்டர். "ஆனா உடம்பைக் காய வைக்கிறதுல ரெண்டும் ஒரே கை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. மஞ்சளோட பேர் சொல்லுங்க, சீக்கிரம்."

பெயர் யாருக்கும் தெரியவில்லை. காஜா அண்ணன் ஓடிப்போய்த் தகர டப்பாவையே கொண்டுவந்தார். டாக்டர் மேஜையில் கவிழ்த்தாள். ஓரம் வளைந்து வளைந்து வெட்டிய அழகான சதுரங்கள் கொட்டின. ஒன்றில் பாதி எழுத்து, இன்னொன்றில் கால் எழுத்து. "நல்ல வேலைப்பாடு" என்றாள் டாக்டர். காஜா அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மஞ்சள் ஓவர்லாக் அக்காவின் கொழுந்தனுக்கு அரிப்புக்காக எழுதியது என்று கண்டுபிடித்து, அவர்கள் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து அட்டையின் மிச்சத்தை எடுத்துப் போனில் படிக்கச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அப்பாவின் அரை மணி நேரம்.

பெயரைக் கேட்டுக்கொண்டு டாக்டர் உள்ளே போனாள். நானும் சித்தியும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு.

"கொடு அதை" என்றாள்.

நோட்டைக் கொடுத்தேன். அவள் விரல் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். எட்டு மாதத்தில் அவள் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு வரியும் விடவில்லை.

"'பிளாஸ்க்கை மோந்து பார்த்தாள்.' ஆமா, மோந்துதான் பார்த்தேன். நீ என்னத்தைக் கலக்குறன்னு."

"நானா?"

"பின்னே? வீட்ல நல்லா இருக்கிற மனுஷன் கடைக்குப் போயிட்டு வந்தா பித்துப் பிடிச்ச மாதிரி வர்றார். டீ போடுறது நீ. என்னை வெரட்டணும்னு நீ ஏதோ பண்ணுறன்னு நினைச்சேன். 'ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்'னு என் கூட வேலை பார்த்தவகிட்ட உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டு இருந்தேன்."

நான் வாயடைத்துப் போனேன். அது புதிதில்லை.

"வந்த நாள்லேருந்து நீ என்கிட்ட பேசினது மொத்தம் ஒரு கைப்பிடி வார்த்தை. அதுல பாதி 'ம்'. அப்படி ஒரு பொண்ணு திடீர்னு வந்து மருந்துச் சீட்டைக் காட்டுன்னா எனக்கு என்ன தோணும்?" நோட்டை மூடினாள். "எனக்கு எழுத்துக்குக் கை ஓடாது. ஓடியிருந்தா உன்னைப் பத்தி நான் இதைவிடத் தடியா ஒண்ணு போட்டிருப்பேன்."

நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கிழிக்காத. அதுலதான் அவர் பிழைச்சார்." கொஞ்சம் பொறுத்து, "பிழைக்கணும்" என்று திருத்திக்கொண்டாள்.

அன்றிரவு அவள் உள்ளே, நான் வெளியே. மறுநாளும் அப்பா நூல் பொறுக்கிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் குறைவாக. திங்கட்கிழமை காலை அவர் நெற்றியில் முடி ஓரமாகச் சின்னதாக ஏதோ மின்னியது. ஈரத் துணியின் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடியும் அரும்பியது. சித்தி குனிந்து விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

"பாப்பா, கோட்டு முடிஞ்சுதா?" என்றார் அப்பா என்னைப் பார்த்து.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தவர் கண்ணில் முதலில் பட்டது இரண்டு இடது முன்பாகங்கள்தான். எடுத்து மறைக்க எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"யார் வெட்டினது இது?" என்று மறுபடியும் கேட்டார்.

"எல்லாரும் சேர்ந்துதான்பா" என்றேன்.

தகர டப்பாவில் இப்போது நிஜப் பட்டன்கள் இருக்கின்றன. வயிற்று மாத்திரையை டாக்டர் பாதி அளவாகக் குறைத்துவிட்டாள். வேறு எதைச் சேர்ப்பதாக இருந்தாலும், தும்மலுக்கானாலும், கேட்காமல் சேர்க்கக் கூடாது. பஞ்சு பறந்தால் அப்பா மூக்கில் துணி கட்டிக்கொள்கிறார். இஸ்திரி மூலைப் பக்கம் போக விடுவதில்லை. மதியம் சித்தியே கடைக்கு வந்து, வெட்டாத முழு அட்டையை என் முன்னால் நீட்டி, "எண்ணு" என்கிறாள். எண்ணுகிறேன். பிறகுதான் ஒன்றை உடைக்கிறாள். நான் நேரத்தை எழுதுகிறேன், நோட்டைத் தலைகீழாகத் திருப்பாமல். "என்ன எழுதின? காட்டு" என்று விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறாள்.

ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. நேற்றும் நான் அப்பாவுக்கு டீ ஊற்றியபோது அவள் கழுத்து தானாக நீண்டது. மூக்கு டம்ளர் பக்கம் போனது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

டம்ளரை அவள் பக்கம் தள்ளினேன். "முதல்ல நீங்க குடிங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை போட மறந்துட்ட" என்றாள்.